நகர மரபுத் திட்டமும் சொற்களும்: அகமதாபாத்தை முன்வைத்து ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

ஒரு நகரம் தன் பழமையைப் பேணவும் அதனைப் பிறர்க்கு எடுத்துரைக்கவும் வகுத்துக்கொள்ளும் திட்டத்தை நகர மரபுத் திட்டம் எனலாம். இத்தகைய திட்டங்களைக் கட்டடக் கலைஞரும் நகரமைப்பாளரும் சட்ட வல்லுநரும் வகுத்து வருகின்றனர். மொழியியலாளர்க்கு இதில் இடமில்லை என்பதே பொதுவான எண்ணம். ஆயினும் திட்டத்தின் முதற்படியாக அமைவது பட்டியல். பட்டியல் என்பது பெயர்களாலும் வகைச் சொற்களாலும் ஆனது. எதற்குப் பெயர் உண்டோ அதுவே பட்டியலில் ஏறுகிறது. பட்டியலில் ஏறியதே திட்டத்தின் காவலைப் பெறுகிறது. ஆகவே மரபுத் திட்டத்தில் மொழிக்குள்ள பங்கு அணியன்று, அடிப்படையாகும்.

இக்கட்டுரை குஜராத் மாநிலத்தின் அகமதாபாத் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு மூன்று வினாக்களை ஆராய்கிறது. ஒரு நகரின் வாழ்விடங்களைக் குறிக்கும் உள்ளூர்ச் சொற்கள் திட்ட ஆவணத்தில் எந்நிலையை அடைகின்றன? 'மரபு', 'பேணல்' முதலிய கருத்துச் சொற்கள் மொழிக்கு மொழி எவ்வாறு வேறுபடுகின்றன? இவ்வாவணங்களைத் தமிழில் பெயர்ப்போர் கவனிக்க வேண்டியவை யாவை? இந்தியாவிலிருந்து உலக மரபுப் பட்டியலில் ஏறிய முதல் நகரம் அகமதாபாத் ஆதலாலும், அங்குப் பேணப்பட வேண்டியவற்றுள் பெரும்பகுதி மக்கள் இன்றும் வாழும் வீடுகளாதலாலும் இந்நகரம் தேர்ந்துகொள்ளப்பட்டது.

2. நகரும் அதன் அமைப்பும்

குஜராத் சுல்தான் முதலாம் அகமது ஷா 1411-இல் சபர்மதி ஆற்றின் கீழ்க்கரையில் இந்நகரை நிறுவினார். பத்ரா கோட்டை, அதன் கிழக்கே 'தீன் தர்வாஜா' எனப்படும் மூவாயில், 1424-இல் முற்றுப்பெற்ற ஜாமா மசூதி ஆகியன நகரின் நடுப்பகுதியை உருவாக்கின. மதில் பெரும்பாலும் அழிந்துவிட்டது. வாயில்கள் பல எஞ்சி நிற்கின்றன. மசூதிகளும் கல்லறைகளும் சமணக் கோயில்களும் இந்துக் கோயில்களும் ஒரே மதிலகத்துள் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

எனினும் இந்நகருக்குத் தனித்தன்மை தருவன 'போள்' எனப்படும் குடியிருப்புத் தொகுதிகளே. ஒரு வாயில், அதனுள் நுழையும் ஒடுங்கிய தெரு, அதிலிருந்து பிரியும் முட்டுச் சந்துகள், இருமருங்கும் சுவரொட்டிய மரச்சட்ட வீடுகள், பொதுவான கோயிலும் கிணறும், பறவைகளுக்குத் தீனி வைக்கும் மேடைத் தூண் ஆகியன சேர்ந்தது ஒரு போள். வீட்டின் நடுவே முற்றமும், பல வீடுகளில் முற்றத்தின் அடியில் மழைநீர் சேமிக்கும் நிலத்தடித் தொட்டியும் உண்டு. போளின் பொதுக் காரியங்களைப் பார்க்க அதற்கெனப் பஞ்சாயத்து இருந்து வந்தது.

2017 ஜூலையில் போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் கூடிய உலக மரபுக் குழு, அகமதாபாத்தின் மதிலகப் பகுதியை யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறிய பரப்பு 535.7 ஹெக்டேர். அதே முடிவில் குழு சில கடமைகளையும் விதித்தது. வரலாற்றுக் கட்டடங்களை, சிறப்பாகத் தனியாருக்கு உரிய மர வீடுகளை, முழுமையாக ஆவணப்படுத்த வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. நினைவுச்சின்னங்களுக்கு ஆவணம் இருந்தது. வீடுகளுக்குப் போதிய ஆவணம் இல்லை என்பதே இதன் பொருள். இக்குறைக்குச் சட்ட வரலாறும் காரணம், மொழியும் காரணம்.

3. சட்டம் அறிந்த சொற்கள்

இந்தியாவில் தொன்மைப் பாதுகாப்புச் சட்டங்களின் மையச் சொல் 'நினைவுச்சின்னம்' என்பதாகும். 1958-ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் நினைவுச்சின்னங்களையும் தொல்லியல் இடங்களையும் காக்கிறது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம், காக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை ஒரு வட்டத்தையும், அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை மற்றொரு வட்டத்தையும் வகுத்தது. இச்சட்டத்தின் நோக்கில் சின்னம் நடுவில் உள்ளது. வீடு அதன் சூழல் மட்டுமே. பல சின்னங்கள் நெருங்கி நிற்கும் மதிலகத்துள் இவ்வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அவற்றுள் அகப்பட்ட போள் வீட்டின் உரிமையாளர், தம் வீட்டின் பெறுமதிக்காக அன்றி, அருகில் உள்ள மசூதியின் பெறுமதிக்காகக் கட்டுப்பாட்டுக்கு உள்ளாகிறார்.

வீடும் தெருவும் தம்மளவில் காக்கத்தக்கன என்னும் கருத்து நகர விதிகளின் வழியே பின்னர் வந்தது. 1995-இல் மும்பைக்கு வகுக்கப்பட்ட மரபுக் கட்டட விதிகள் இந்தியாவில் இவ்வகைக்கு முன்னோடி. கட்டடங்களை மூன்று பிரிவுகளாக வகுத்து, பிரிவுக்கேற்ப மாற்றங்களை அனுமதிக்கும் முறையை அவ்விதிகள் கொணர்ந்தன. 1992-இல் நிறைவேறிய 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் பன்னிரண்டாம் அட்டவணை, பண்பாட்டுக் கூறுகளை வளர்ப்பதையும் நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அகமதாபாத் மாநகராட்சி 1996-இல் மரபுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை அமைத்தது. காவலின் பொருள் இவ்வாறு ஒற்றைச் சின்னத்திலிருந்து தெருவுக்கும் குடியிருப்புக்கும் விரிந்தது. சொற்கள் அவ்வளவு விரைவாக விரியவில்லை.

இதற்குத் தமிழிலிருந்தே ஒரு சான்று தரலாம். உலக மரபுப் பட்டியலில் ஏறியவற்றைக் குறிக்க 'உலகப் பாரம்பரியச் சின்னம்' என்னும் தொடர் பெருவழக்காக உள்ளது. கோயிலுக்கும் கோட்டைக்கும் இது பொருந்தலாம். மக்கள் சமைத்து உண்டு உறங்கும் ஒரு நகரைச் 'சின்னம்' என்பது பொருந்துமா? சின்னம் என்பது எதையோ நினைவூட்ட எஞ்சியிருப்பது. நகரம் எஞ்சியிருப்பதன்று, நடந்துகொண்டிருப்பது. 'உலக மரபு நகரம்' என்னும் தொடரே இங்குத் தகும்.

4. வாழ்விடச் சொற்கள்

4.1 'போள்'

'போள்' என்பதற்கு மூலமாக வடமொழியின் 'பிரதோளி' என்னும் சொல்லைக் காட்டுவர். அதன் பொருள் வாயில் அல்லது வாயிலையுடைய பெருந்தெரு. இராசத்தானத்தில் இச்சொல் இன்றும் வாயிலையே குறிக்கிறது. உதயப்பூரின் 'ஹாத்தி போள்' யானை வாயில் ஆகும். குஜராத்தியிலோ வாயிலின் பெயர் வாயிலுக்கு உள்ளே அமைந்த குடியிருப்புக்கு ஆகிவந்துள்ளது. தமிழில் 'வாயில்' என்பது 'வாசல்' ஆகி, 'வாசல் தெளித்தல்' என்னும் வழக்கில் கதவுக்கு வெளியே உள்ள முற்றத்தைக் குறிப்பதோடு இதனை ஒப்பிடலாம். தமிழில் பொருள் வாயிலுக்கு வெளியே நகர்ந்தது. குஜராத்தியில் உள்ளே நகர்ந்தது.

இப்பொருள் மாற்றம் வெறும் அகராதிச் செய்தியன்று. வாயிலும் அதனுள் அடங்கிய வீடுகளும் ஒரே அலகு என்னும் மக்களின் உணர்வை இச்சொல் தன்னுள் கொண்டுள்ளது. இதனைத் 'தெரு' என்று பெயர்த்தால் வாயில் மறைகிறது. 'குடியிருப்பு' என்றால் எல்லை மறைகிறது. திட்ட ஆவணம் 'தெரு' என்று மட்டும் எழுதுமாயின், வாயிலை இடித்துச் சாலையை அகலப்படுத்துவதைத் தடுக்க அச்சொல்லில் ஏதுமில்லை. 'போள்' என்று எழுதினால், வாயில் இல்லாத போள் குறைபட்ட போள் என்பது சொல்லிலேயே விளங்கும்.

எழுத்துப்பெயர்ப்பில் தமிழுக்கு இங்கு ஒரு வசதி உண்டு. இச்சொல்லின் ஈற்றில் உள்ளது குஜராத்தியின் நாமடி ளகரம். ஆங்கில எழுத்தில் அது லகரத்தோடு மயங்கிவிடுகிறது. தமிழில் ளகரம் இருப்பதால் ஒலியை உள்ளவாறே காட்டலாம். ஆங்கில ஆவணத்தை மட்டும் பார்த்துப் பெயர்ப்பவர் 'போல்' என எழுதக்கூடும். அது தமிழில் உவம உருபாகிவிடும்.

4.2 ஒலி ஒப்பும் பொருள் வேறுபாடும்

குஜராத்தியில் 'ஷேரி' என்பது தெரு. மாணிக்கச் சதுக்கத்துக்கு அருகில் உள்ள 'சாங்கடி ஷேரி' என்னும் பெயருக்கு ஒடுங்கிய தெரு என்பது பொருள். இதனைத் தமிழில் 'சேரி' என்று எழுதினால், இன்றைய தமிழில் அச்சொல் பெற்றுள்ள சமூகப் பொருளை வாசகர் அந்நகரத் தெருவின்மேல் ஏற்றிவிடுவர். இங்கு ஷகரத்தைப் பயன்படுத்துவது விருப்பத்தைப் பொறுத்ததன்று, தேவை. அதுபோல, 'கட்கி' என்பது வாயிலையுடைய சிறு வீட்டுத் தொகுதி. இந்தியின் 'கிட்கி' சன்னலைக் குறிக்கும். இந்தி மட்டும் அறிந்தவர் இவ்விரண்டையும் மயங்குதல் கூடும்.

'வாவ்' என்பது இன்னும் நுட்பமான சான்று. படிகள் வழியே நிலத்தடிக்கு இறங்கி நீர்மட்டத்தை அடையும் கிணற்றை இச்சொல் குறிக்கும். இதுவும் தமிழின் 'வாவி'யும் 'வாபி' என்னும் வடசொல்லிலிருந்து வந்தவை. ஆனால் தமிழில் 'வாவி' என்றால் குளம் அல்லது தடாகம். பிறப்பு ஒன்றாயினும் பொருள் வேறு. அகமதாபாத்தின் அசார்வா பகுதியில் உள்ள 'தாதா ஹரீர் வாவ்' என்பதைத் 'தாதா ஹரீர் வாவி' எனப் பெயர்த்தால், ஐந்து நிலை ஆழத்துக்கு இறங்கும் ஒரு கட்டடம் திறந்த நீர்நிலையாகிவிடும். இதற்கு நேரான சொல் தமிழில் இல்லாமலும் இல்லை. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் இவ்வகைக் கிணறு ஒன்று உள்ளது. மக்கள் அதனை 'நடவாவி' என்கின்றனர். பொருளை விளக்கும் இடத்தில் 'நடவாவி' அல்லது 'படிக்கிணறு' என்பதைப் பயன்படுத்தலாம்.

முற்றத்தடித் தொட்டியைக் குறிக்கும் 'டாங்கு' என்னும் சொல்லும் கருதத்தக்கது. ஆங்கிலத்தின் 'டேங்க்' என்னும் சொல்லுக்குக் குஜராத்தி மூலமும் போர்த்துக்கீசிய மூலமும் அகராதிகளில் கூறப்படுகின்றன. இந்திய ஆங்கிலத்தில் அச்சொல் கோயிற்குளத்தையும் ஏரியையும் குறிக்கும். எனவே ஆங்கிலம் வழியாகப் பெயர்ப்பவர் வீட்டினுள் 'குளம்' இருப்பதாக எழுத நேரிடலாம். 'நிலத்தடி மழைநீர்த் தொட்டி' என விளக்கி, 'டாங்கு' என்னும் பெயரையும் தருதல் நன்று.

வீட்டு முகப்பில் உள்ள உயர்ந்த மேடையை 'ஓட்லோ' என்பர். இது தமிழின் 'திண்ணை'யே. இங்குத் தயக்கமின்றித் 'திண்ணை' எனப் பெயர்க்கலாம். அமைப்பும் பயனும் பெரிதும் ஒத்துள்ளன. எல்லா உள்ளூர்ச் சொற்களையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்தன்று. பொருள் முழுமையாக ஒத்திருக்குமிடத்துப் பெயர்ப்பதும், ஒவ்வாவிடத்துப் பெயரைக் காப்பதுமே முறை.

4.3 பெயர்களின் இலக்கணம்

போள்களின் பெயர்கள் நகர வரலாற்றின் சுருக்கங்கள். 'டங்க்சாள்' என்பது நாணயச் சாலை. 'ஜவேரிவாட்' நகை வணிகர் பகுதி. 'தோஷிவாடா' துணி வணிகர் பகுதி. 'லாம்பேஷ்வர் நீ போள்' கோயிலால் பெயர் பெற்றது. 19-ஆம் நூற்றாண்டுக் குஜராத்திக் கவிஞர் தல்பத்ராமின் நினைவிடம் அங்குள்ளது.

இப்பெயர்களில் வரும் 'நீ', 'நோ' என்பன ஆறாம் வேற்றுமை உருபுகள். இவ்வுருபு உடைமைப் பொருளின் பாலுக்கு ஏற்ப மாறும். போள் பெண்பாற் சொல்லாதலால் 'நீ' வருகிறது. 'ராணி நோ ஹஜீரோ' என்னும் அரசியர் கல்லறைப் பெயரில் 'ஹஜீரோ' ஆண்பாற் சொல்லாதலால் 'நோ' வருகிறது. இதனை அறியாத பட்டியலாளர் உருபைப் பெயரின் பகுதியாகக் கொண்டு சேர்த்தெழுதுவதும், தேவையற்றதென நீக்குவதும் நிகழக்கூடியவை. ஒரே இடம் இரண்டு பட்டியல்களில் இரண்டு பெயர்களோடு நிற்குமாயின், ஒன்றுக்குத் தரப்பட்ட காவல் மற்றொன்றுக்கு உண்டா என்பது வழக்குக்குரிய வினாவாகிவிடும்.

நகரின் பெயரே இதற்குச் சான்று. யுனெஸ்கோ பட்டியல் 'அஹ்மதாபாத்' என்று எழுதுகிறது. ஆங்கிலப் பொதுவழக்கு 'அஹ்மெதாபாத்' என்பது. மாநகராட்சி ஆங்கிலத்திலும் தன்னைக் குஜராத்தி ஒலிப்பின்படி 'அம்தாவாத்' என்றே குறித்துக்கொள்கிறது. ஒரு நகரத்துக்கே மூன்று எழுத்துக்கூட்டல்கள் இருக்கையில், சில நூறு போள்களுக்கும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கும் நிலை என்ன என்பதை ஊகிக்கலாம்.

5. சான்று மூலங்களின் பன்மொழித் தன்மை

ஓர் இடத்தின் பெறுமதியை நிறுவ வரலாற்றுச் சான்று வேண்டும். இந்நகருக்கான சான்றுகள் ஒரே மொழியில் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலி முகமது கான் எழுதிய 'மிராத்-இ-அகமதி' பாரசீக மொழியில் உள்ளது. மகன்லால் வக்தசந்த் எழுதிய நகர வரலாறு 1851-இல் குஜராத்தியில் வெளிவந்தது. மேலே கூறிய தாதா ஹரீர் படிக்கிணற்றில் வடமொழிக் கல்வெட்டும் அரபிக் கல்வெட்டும் உள்ளன. ஒரே அறத்தை இருவேறு வாசகர்க்கு இருமொழிகளில் அறிவித்த அக்கிணறே மொழிபெயர்ப்புக்கு ஒரு சான்றாகும். இவற்றோடு ஆங்கிலேயர் கால அளவைப் பதிவுகளும் சேரும்.

இந்நகரம் குஜராத்தி மொழித் திட்டமிடலிலும் தலைமையான இடம் வகித்தது. 1848-இல் அலெக்சாண்டர் ஃபோர்ப்ஸ் இங்குத் தொடங்கிய குஜராத் வெர்னாகுலர் சொசைட்டி பின்னர் குஜராத் வித்யா சபை ஆயிற்று. 1920-இல் காந்தியடிகள் நிறுவிய குஜராத் வித்யாபீடம், குஜராத்தி எழுத்துக்கூட்டலை ஒழுங்குபடுத்தும் அகராதியை 1929-இல் வெளியிட்டது. மொழியைத் தரப்படுத்திய நகரம் தன் கட்டடங்களின் பட்டியலைத் தன் மொழியிலும் தரப்படுத்திக்கொள்ளுதல் இயல்பானதே. இங்குக் கட்டட மரபும் மொழி மரபும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

6. கருத்துச் சொற்கள்

6.1 மரபு யாருடையது?

'ஹெரிடேஜ்' என்னும் ஆங்கிலச் சொல் பிறப்பால் வாரிசுரிமையைக் குறிக்கும். குஜராத்தியில் அதற்கு நேராக வழங்கும் 'வாரசோ' என்பதும் அத்தகையதே. இது 'வாரிஸ்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. தமிழின் 'வாரிசு' என்பதும் அதிலிருந்து வந்ததே. இந்தியில் வழங்கும் 'தரோகர்' என்பதன் பழம்பொருளோ அடைக்கலமாக ஒருவரிடம் ஒப்படைத்த பொருள் என்பதாகும். முதலது உரிமையைச் சுட்டுகிறது. பின்னது பொறுப்பைச் சுட்டுகிறது. வாரிசாகப் பெற்றதை விற்கலாம், பங்கிடலாம். அடைக்கலமாகப் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும்.

அகமதாபாத்தின் மர வீடுகளில் இவ்வேறுபாடு நடைமுறைச் சிக்கலாகவே உள்ளது. தந்தைக்குப்பின் பல பங்காளிகளுக்கு உரியதான வீடு, அவர்களுள் பலர் ஆற்றின் மேற்கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டனர், பழைய வாடகைக்கு ஒருவர் தங்கியிருக்கிறார், கீழ்த்தளம் கிடங்காகிவிட்டது. இந்நிலையில் பழுதுபார்க்கும் செலவை ஏற்பவர் யார்? குடும்பத்தார்க்கு 'வாரசோ' என்பது சொத்துப் பங்கு. திட்ட அலுவலகத்துக்கு அதே சொல் நகரின் பொதுச்செல்வம். ஒரு சொல்லை இருதரப்பும் இருபொருளில் ஆள்கையில், அறிவிப்பைப் படித்த உரிமையாளர் தம் சொத்து பறிக்கப்படுகிறது என்று அஞ்சினால் வியப்பில்லை.

தமிழில் 'பாரம்பரியம்', 'மரபு', 'மரபுரிமை', 'மரபுச் செல்வம்' எனப் பல சொற்கள் உள்ளன. 'மரபு' வழிவழி வந்த முறையைக் குறிப்பது. உரிமையைப் பற்றி அது ஏதும் கூறவில்லை. இலங்கைத் தமிழில் பெருவழக்கான 'மரபுரிமை' உரிமையை வெளிப்படையாகச் சேர்க்கிறது. பொதுக் கருத்துக்கு 'மரபு' என்பதும், யாருக்கு எவ்வுரிமை என்பதைப் பேசும் விதிகளில் 'மரபுரிமை' என்பதும் எனப் பகுத்தாளலாம். பகுத்தாண்டபின் ஆவணம் முழுவதும் அதில் மாறாதிருத்தல் வேண்டும்.

6.2 பேணும் செயல்கள்

பேணுதல், பழுதுபார்த்தல், புதுப்பித்தல், மீட்டமைத்தல், மறுபடி கட்டுதல் ஆகியன ஒன்றல்ல. வெனிஸ் சாசனம் 1964-இல் இவற்றுள் சிலவற்றுக்குத் தெளிவான எல்லை வகுத்தது. மீட்டமைத்தல் ஊகம் தொடங்குமிடத்தில் நின்றுவிட வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. அன்றாடத் தமிழிலோ இவை அனைத்தையும் 'புதுப்பித்தல்' என்னும் ஒரு சொல்லால் குறித்துவிடுகிறோம். பழைய மரத்தூணைப் பிழைக்க வைப்பதும், அதனை எறிந்துவிட்டுக் கான்கிரீட் தூண் நிறுத்துவதும் இச்சொல்லுக்குள் அடங்கும். அனுமதி ஆணையில் இச்சொல் இடம்பெற்றால் என்ன விளையும் என்பதைக் கூற வேண்டியதில்லை.

மற்றொரு புறம், மேலைச் சாசனங்களின் சொற்களே முழுமையானவை என்று கொள்ளவும் இயலாது. நம் மரபில் 'சீர்ணோத்தாரணம்' என்னும் கருத்து உண்டு. பழுதுற்ற கோயிலை வழிபாட்டுக்கு உரியதாக மீண்டும் எழுப்புதல் என்பது அதன் பொருள். தமிழகத்தில் 'திருப்பணி' என்போம். குஜராத்தின் சமணக் கோயில்களில் 'சீர்ணோத்தார்' என்னும் வழக்கு இன்றும் உள்ளது. இந்தியக் கலை, பண்பாட்டு மரபு தேசிய அறக்கட்டளை 2004-இல் வெளியிட்ட சாசனம் இக்கருத்தையும் இந்தியப் பேணல் நெறிகளுள் ஒன்றாக ஏற்றது.

1994-இல் ஜப்பானின் நாரா நகரில் உருவான ஆவணம், ஒரு பொருள் மெய்யானதா என்பதை எல்லாப் பண்பாடுகளிலும் ஒரே அளவுகோலால் முடிவு செய்ய இயலாது என்று உரைத்தது. இவ்வாவணத்தைத் தமிழாக்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை: அதில் சான்று மூலங்களின் நம்பகத்தன்மை என்பதும், மரபுப் பொருளின் மெய்ம்மை என்பதும் தனித்தனிக் கருத்துகள். இரண்டையும் 'நம்பகத்தன்மை' என்றே பெயர்த்தால் வாதம் சிதைந்துவிடும். 'மூலத்தன்மை' என்றால் பழைய கல்லும் மரமும் மட்டுமே கணக்கில் வரும். பயனும் வழக்கமும் விடுபடும். 'மெய்ம்மை' என்பது பொருத்தமாகத் தோன்றுகிறது.

6.3 உரிமையாளர் படிக்கும் சொற்கள்

இவற்றினும் உடனடிப் பயனுடையவை உரிமையாளர்க்கு அனுப்பப்படும் அறிவிப்புகளின் சொற்கள். மூன்று சான்றுகள் காட்டலாம்.

முதலாவது, தரப்பிரிவு. மும்பை விதிகளைப் போன்றவற்றில் மூன்றாம் பிரிவுக் கட்டடம் என்பது தெருவின் தோற்றத்துக்குத் துணைசெய்யும், காக்கத்தக்க கட்டடமாகும். அதனை 'மூன்றாந்தரக் கட்டடம்' எனப் பெயர்த்தால், தமிழில் அது இழிவானது என்றே பொருள்படும். தம் வீடு மூன்றாந்தரம் என்று அரசே எழுதித் தந்தபின் அதனைக் காக்க யாருக்கு மனம் வரும்? 'மூன்றாம் பிரிவு' என்பதே தகும்.

இரண்டாவது, 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்த முதல் வட்டம். 'தடைசெய்யப்பட்ட பகுதி' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் உள்ளே நுழையத் தடை என்று படிப்பவர் கொள்வர். தடை புதுக் கட்டுமானத்துக்கே. பழுதுபார்க்க உரிய அனுமதி பெறலாம். 'புதுக்கட்டுமானத் தடைப்பகுதி' என்றால் ஐயம் நீங்கும்.

மூன்றாவது, உரிமை மாற்றம். மரபு வீட்டின்மேல் கூடுதல் தளங்கள் எழுப்ப இயலாத உரிமையாளர், தமக்குரிய எஞ்சிய கட்டுமானப் பரப்பை நகரின் வேறிடத்தில் கட்டுவோர்க்கு விற்று, அப்பணத்தால் வீட்டைப் பழுதுபார்க்கலாம் என்னும் ஏற்பாடு அகமதாபாத்தில் உண்டு. இதனை 'வளர்ச்சி உரிமை' என்றால் எதுவும் விளங்காது. 'மாற்றி விற்கத்தக்க கட்டுமான உரிமை' என்பது நீளமாயினும் செய்தியைச் சொல்லிவிடுகிறது.

7. எடுத்துரைத்தல்

பேணலோடு எடுத்துரைத்தலும் மரபுத் திட்டத்தின் பகுதி. 1997 நவம்பர் 19 அன்று அகமதாபாத் மாநகராட்சி மரபு நடைப்பயணம் ஒன்றைத் தொடங்கியது. காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கிப் போள்களின் ஊடாகச் சென்று ஜாமா மசூதியில் அது முடிகிறது. பெருஞ்சின்னங்கள் இருமுனைகளில் நிற்க, வழிநெடுகக் காட்டப்படுவன வீடுகளும் முற்றங்களும் பறவைத் தூண்களும் ஆகும். 'போள்' என்னும் சொல் வெளியூரார் அறிந்த சொல்லாக மாறியதில் இந்நடைக்குப் பங்குண்டு. ஒரு சொல்லைப் பரப்புவது அது சுட்டும் பொருளுக்கு மதிப்பை உண்டாக்கும் வழிகளுள் ஒன்று என்பதற்கு இது சான்று.

இதற்கு எதிர்நிலையையும் காணலாம். நடுவணரசு 2015-இல் பன்னிரண்டு நகரங்களுக்காகத் தொடங்கிய மரபு நகரத் திட்டத்தின் பெயர் 'ஹிருதய்'. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து இதயம் என்னும் பொருள் தருமாறு அது அமைக்கப்பட்டது. காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் அப்பன்னிரண்டில் இடம்பெற்றன. திட்டம் 2019-இல் முடிவுற்றது. முதலெழுத்துப் பெயர்கள் மொழிபெயர்க்க இயலாதவை. தமிழ் வாசகர்க்கு 'ஹிருதய்' என்பதில் மரபும் தெரியவில்லை, நகரமும் தெரியவில்லை. இத்தகைய இடங்களில் பெயரை எழுத்துப்பெயர்த்துவிட்டுப் பணியைத் தனித்தொடரில் கூறுவதே வழி.

8. மொழிபெயர்ப்பாளர்க்குச் சில நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் நெறிகளை வகுத்துக்கொள்ளலாம்.

அ) ஒவ்வொரு நகரின் மரபுத் திட்டத்துக்கும் சொற்பட்டியல் ஒன்று முதலில் உருவாக்கப்பட வேண்டும். கட்டடப் பட்டியலுக்கு அது முந்துதல் வேண்டும்.

ஆ) பட்டியலில் வகைச் சொல்லுக்கு இரு நிரல்கள் வேண்டும்: நகரங்களை ஒப்பிட உதவும் பொதுச்சொல் ஒன்று, உள்ளூர் வழக்குச் சொல் மற்றொன்று. சட்டக் காவல் உள்ளூர்ச் சொல்லோடு பிணைக்கப்பட வேண்டும்.

இ) இடப்பெயர்களை ஆங்கிலத்தின் வழியாக அன்றி மூலமொழி எழுத்திலிருந்தே பெயர்த்தெழுத வேண்டும். தமிழில் வல்லொலி, மெல்லொலி, மூச்சொலி வேறுபாடுகள் வரிவடிவில் இல்லாமையால், ஒருமுறை ஒலிப்பை விளக்கிவிட்டு ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைப்பிடிக்க வேண்டும்.

ஈ) தச்சர், கொத்தர் முதலியோரின் தொழிற்சொற்களைக் களத்தில் தொகுக்க வேண்டும். தமிழில் பெயர்க்கையில் 'தாங்கி' என்று புதிதாகப் படைப்பதற்கு முன் 'போதிகை', 'உத்திரம்', 'கைமரம்' என நம் தச்சர் மொழியில் உள்ளனவற்றைத் தேட வேண்டும்.

உ) உரிமையாளர்க்குச் செல்லும் அறிவிப்பின் மொழிபெயர்ப்பை அச்சிடுமுன் அத்தகைய வீட்டில் வாழும் ஒருவரிடம் படிக்கத் தந்து, அவர் புரிந்துகொண்டதைத் திரும்பக் கூறச் செய்ய வேண்டும். அவர் கூறுவது மூலத்தோடு ஒவ்வாதாயின் பிழை மொழிபெயர்ப்பில் உள்ளது.

உள்ளூர்ச் சொற்கள் மிகுந்தால் ஆவணம் வெளியார்க்கு விளங்காது என்னும் மறுப்பு எழலாம். முதல் வருகையில் விளக்கமும் பின்னர்ப் பெயரும் என்னும் முறை இதனைத் தீர்க்கும். 'கோபுரம்', 'மண்டபம்' என்னும் சொற்கள் இவ்வாறே ஆங்கிலக் கலை வரலாற்று நூல்களில் நிலைபெற்றன. 'போள்' என்பதும் அவ்வாறு நிலைபெறக் கூடாமைக்குக் காரணமில்லை.

9. முடிவுரை

சொல் மட்டும் ஒரு வீட்டைத் தாங்கி நிறுத்தாது. பொருளுதவியும் தெளிவான உடைமையுரிமையும் தேர்ந்த தச்சரும் இல்லாவிடத்து எவ்வளவு சிறந்த பட்டியலும் இறந்தவற்றின் கணக்காகவே முடியும். ஆனால் உதவி யாருக்குச் சேர வேண்டும், எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்பவற்றை முடிவு செய்யும் இடம் ஆவணம். அங்கு அதிகாரம் செலுத்துவன சொற்கள். மர வீடு ஒன்று விழுந்தால், அதன் உறுப்புகளுக்கு வழங்கிய சொற்களும் அத்தெருவின் பேச்சிலிருந்து மெல்ல நீங்கிவிடும். சொற்கள் நீங்கியபின், மீண்டும் கட்ட விரும்புவோர்க்கு எதைக் கட்டுவதென்று சொல்லவும் ஆளிராது.

அகமதாபாத்தைத் தொடர்ந்து 2019-இல் ஜெய்ப்பூரும் உலக மரபு நகரமாயிற்று. பிற நகரங்களும் இத்தகைய திட்டங்களை வகுக்கும். அவற்றின் ஆவணங்கள் பல இந்திய மொழிகளில் பெயர்க்கப்படும். அப்பணியில் மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் இறுதியில் அழைக்கப்படும் எழுத்தராக அன்றி, பட்டியலிடும் நாளிலிருந்தே உடனிருப்போராக அமைதல் வேண்டும்.